நுவரெலியா மாவட்டப் பாடசாலைகளின் ஆண்டுத் திட்டங்கள்: ஒரு சமூகவியல் நோக்கு

இலங்கையிலுள்ள பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகள் ஒவ்வொன்றும் ஐந்தாண்டுக் காலத்துக்குரிய அபிவிருத்தித் திட்டமொன்றையும், அதனை அடியொற்றி ஆண்டுதோறும் வருடாந்த அமுலாக்கல் திட்டமொன்றையும் தயாரித்தல் வேண்டும் என்பது இன்று நிலைபெற்றுவிட்ட நடைமுறையாகும். இவற்றுள் தமிழிலே எழுதப்படுவன மாத்திரம் ஆண்டொன்றுக்குப் பல்லாயிரம் பக்கங்களாகும். எழுதுவோர் அதிபரும் ஆசிரியரும். வாசிப்போர் வலயக் கல்விப் பணிமனையின் உத்தியோகத்தர். இவ்வட்டத்துக்கு வெளியே இவ்வெழுத்தைப் பொருட்படுத்துவார் எவருமிலர். எமது பல்கலைக்கழகங்களிற் கல்வியியற்றுறையினர் இதனை முகாமைத்துவப் பொருளாக நோக்குவர். இலக்கியத் துறையினர் நோக்குவதேயில்லை. ஆயின், ஒரு சமூகம் தன்னைப் பற்றி எதனை எழுதுகின்றது, எதனை எழுதாது விடுகின்றது என்னும் வினா இலக்கிய ஆய்வுக்குப் புறம்பானதன்று. அவ்வினாவையே பாடசாலைத் திட்டங்கள் மீதும் எழுப்ப முனைகின்றோம். நுவரெலியா மாவட்டத்தை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம், இத்திட்டமிடலின் உள்முரண்பாடு அங்குப்போல் வேறெங்கும் அத்துணை வெளிப்படையாகத் தெரிவதில்லை என்பதேயாம்.

திட்டத்தின் அமைப்பை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். பாடசாலையின் தூரநோக்கு, பணிக்கூற்று ஆகியவற்றோடு ஆவணம் தொடங்கும். மாணவர் தொகை, ஆசிரியர் ஆளணி, கட்டடங்கள், முன்னைய ஆண்டுகளின் பரீட்சைப் பெறுபேறுகள் என்பன அட்டவணைகளாக இடம்பெறும். அடுத்து வருவது பலம், பலவீனம், வாய்ப்பு, சவால் என்னும் நான்கு கட்டங்களைக் கொண்ட பகுப்பாய்வு. இப்பகுப்பாய்விலிருந்தே முன்னுரிமைகள் பெறப்படுகின்றன. முன்னுரிமை ஒவ்வொன்றுக்கும் இலக்கு, செயற்பாடு, பொறுப்பாளர், காலம், உத்தேசச் செலவு, முன்னேற்றத்தை அளக்குஞ் சுட்டி என நிரல்கள் நிரப்பப்படும். அதிபர், ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர் ஆகியோரைக் கொண்ட பாடசாலைக் குழு இதனை ஆராய்ந்து ஏற்க, வலயப் பணிமனை அங்கீகரிக்கும்.

இம்முறை எங்கிருந்து வந்தது? 2006 ஆம் ஆண்டிற் பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் தெரிவுசெய்யப்பட்ட வலயங்களிற் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பெற்றுப் பின்னர் நாடளாவிய முறையாக விரிந்தது. உலக வங்கியின் நிதியுதவி பெற்ற கல்வித்துறை வேலைத்திட்டங்களின் ஓர் உறுப்பாக அது அமைந்தது. பாடசாலையை நன்கறிந்தவர் பாடசாலையிலுள்ளோரே. ஆகவே தீர்மானங்களும் அங்கேயே எடுக்கப்படல் வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கருத்து. இதனை முற்றாக மறுத்துரைத்தல் நேர்மையாகாது. கொழும்பிலிருந்து வரும் சுற்றுநிருபத்துக்குக் காத்திருந்த அதிபர், உடைந்த யன்னலையேனும் தம் முடிவிலே திருத்த முடிந்தமை ஒரு முன்னேற்றமே. இந்நிகழ்ச்சித்திட்டத்தின் விளைவுகளை அளந்தறிய மேற்கொள்ளப்பட்ட ஆய்வு, நான்காந் தர மாணவரின் கணிதத்திலும் ஆங்கில வாசிப்பிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றத்தைக் கண்டது. சிங்களம், தமிழ் ஆகிய முதன்மொழிகளில் அவ்வாறான முன்னேற்றம் காணப்படவில்லை என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்தது. எனவே, திட்டமிடல் வெறும் கண்துடைப்பு என ஒதுக்கிவிடுவது இடதுசாரிச் சோம்பலன்றி வேறில்லை. அதன் எல்லை யாது, அவ்வெல்லையை வகுத்தவர் யாவர் என்பதே எமது வினா.

மேற்குறித்த நாற்கட்டப் பகுப்பாய்வு வணிக நிறுவன முகாமைத்துவத்திலே தோன்றியதொன்று. பலமும் பலவீனமும் நிறுவனத்தின் அகத்துக்குரியன. வாய்ப்பும் சவாலும் புறச் சூழலுக்குரியன என்பது அதன் இலக்கணம். நிறுவனமொன்றுக்கு இது பொருந்தும். அது தன் ஊழியரைத் தானே தெரிவுசெய்யும். தன் முதலைத் தானே பகிரும். நட்டம் தரும் பண்டத்தைக் கைவிடும். ஆகையால் அகத்திலுள்ள குறை அதன் குறையே. அரசாங்கப் பாடசாலையோ தன் ஆசிரியருள் ஒருவரைத்தானும் நியமிக்கும் அதிகாரம் அற்றது. மாகாணப் பாடசாலையாயின் நியமனமும் இடமாற்றமும் மாகாண நிருவாகத்தினிடம். தேசிய பாடசாலையாயின் மத்திய அமைச்சினிடம். இருந்தும், கணித ஆசிரியர் இல்லாமை எக்கட்டத்தில் எழுதப்படுகின்றது? பாடசாலையின் பலவீனம் என்னும் கட்டத்தில். அரசின் கடப்பாடு நிறைவேறாமை, அதனால் இழப்புக்குள்ளாகும் பாடசாலையின் உட்குறையாக ஒரு கோட்டினாலே மாற்றப்பட்டுவிடுகின்றது. இவ்விடமாற்றத்தைச் செய்பவர் அதிபரல்லர், படிவமே செய்துவிடுகின்றது.

படிவத்தின் மொழியும் கவனத்திற்குரியது. இத்தகைய ஆவணங்களை வாசித்துப் பழகியோர் அதிலே எழுவாய் அரிதாகவே தென்படுவதை அறிவர். அடைவுமட்டம் ‘உயர்த்தப்படும்’, வாசிப்புத்திறன் ‘விருத்தி செய்யப்படும்’, இடைவிலகல் ‘குறைக்கப்படும்’. செயப்பாட்டுவினையின் ஆட்சி இங்கு முழுமையானது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஆக்கப்பெற்ற மாதிரிகளின் மொழிபெயர்ப்புத் தமிழ் என்பதனால் மாத்திரம் இந்நிலை தோன்றவில்லை. யார் செய்வார் என்று உறுதியாகக் கூறவியலாத வாக்குறுதிகளுக்கு எழுவாயற்ற வாக்கியமே ஏற்ற உறைவிடமாகும். விந்தை யாதெனில், எழுவாய் தவறாது தோன்றும் ஓரிடம் உண்டு. ‘பெற்றோர் கல்வியில் அக்கறை காட்டுவதில்லை’, ‘பெற்றோர் கூட்டங்களுக்குச் சமுகமளிப்பதில்லை’ என்பன அவை. அமைச்சு எழுவாயாவதில்லை, மாகாணம் எழுவாயாவதில்லை, தோட்டக் கம்பனி எழுவாயாவதில்லை. கொழுந்து பறிக்கும் தாயே அவ்வாவணத்தின் தெளிவான எழுவாய்.

மாவட்டம் என்னும் அலகைப் பற்றியும் இங்குச் சில கூறுதல் வேண்டும். 1987 இன் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தத்தின் பின்னர் பெரும்பான்மையான பாடசாலைகள் மாகாண சபைகளின் பொறுப்பாயின. ஒரு சிறு தொகுதி தேசிய பாடசாலைகளாக மத்திய அமைச்சின் கீழ் நிற்கின்றது. மாகாணத்துக்குக் கீழே வலயம், வலயத்துக்குக் கீழே கோட்டம், அதன் கீழே பாடசாலை என்பதே கல்வி நிருவாக ஒழுங்கு. நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, ஹற்றன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த என ஐந்து வலயங்கள் உள. ஐந்தும் கண்டியிலுள்ள மத்திய மாகாணக் கல்வித் திணைக்களத்துடன் தனித்தனியே தொடர்புற்றவை. அவ்வைந்தையும் ஒருங்கே நோக்கி, இம்மாவட்டத்தின் தமிழ்மொழிமூலப் பிள்ளைகளுக்கு எத்தனை விஞ்ஞான ஆசிரியர் தேவை, உயர்தர விஞ்ஞானப் பிரிவு எவ்வெவ் இடங்களில் அமைதல் வேண்டும் என்று திட்டமிடுங் கடமையை முதன்மையாகக் கொண்ட கல்வி நிறுவனம் மாவட்ட மட்டத்தில் இல்லை. மாவட்டச் செயலகம் உண்டு. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு உண்டு. 1974 இல் அறிமுகமான பன்முகப்படுத்தப்பட்ட வரவுசெலவின் வழியிற் பாராளுமன்ற உறுப்பினர் வழங்கும் கட்டட நிதியும் நன்கொடைகளும் உண்டு. இவையெல்லாம் கல்வித் திட்டமிடலாகா. பெயர்ப்பலகையில் யாருடைய பெயர் பொறிக்கப்படும் என்பதிலேயே இவற்றுட் பலவற்றின் நோக்கம் முடிந்துவிடுகின்றது.

ஆனால் ஓரிடத்தில் மாவட்டம் பேருருக் கொள்கின்றது. அது பல்கலைக்கழக வாசல். 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு அனுமதி முறையிற் புகுத்தப்பட்டது. பின்னர் பல மாற்றங்களுக்கு உட்பட்டு, 40 வீதம் தேசியத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கியவையெனக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் என்னும் முறையாக நிலைபெற்றது. அப்பதினாறனுள் நுவரெலியாவும் ஒன்று. அதாவது, பதின்மூன்று ஆண்டுப் பள்ளிப் படிப்பின் முடிவில் இம்மாவட்டம் பின்தங்கியது என அரசு எழுத்திலே ஏற்றுக்கொள்கின்றது. அப்பதின்மூன்று ஆண்டுகளிலும் மாவட்டத்தை ஓர் அலகாக நோக்குவதில்லை. விஞ்ஞான உயர்தரம் வரை கற்பிக்கும் 1ஏபி வகைப் பாடசாலை, கலை வர்த்தகப் பிரிவுகளோடு நிற்கும் 1சீ வகை, பதினோராந் தரத்துடன் முடியும் இரண்டாம் வகை, ஆரம்ப வகுப்புகளை மையமாகக் கொண்ட மூன்றாம் வகை எனப் பாடசாலைகள் வகுக்கப்பட்டுள்ளன. தோட்டப் பாடசாலைகளுட் பெரும்பாலானவை பின்னிரு வகையின. இரண்டாம் வகைப் பாடசாலை எத்துணைச் சிறந்த திட்டத்தைத் தீட்டினும், தன் மாணவி மருத்துவத்துறை புகுவதற்குரிய வகுப்பைத் தன்னுள் ஆரம்பித்துக்கொள்ள அதற்கு வழியில்லை. அயலிலுள்ள எப்பாடசாலை அவளை ஏற்கும் என்று கூறுதற்கும் அதன் திட்டத்தில் நிரலில்லை.

1981 இன் கல்வி வெள்ளை அறிக்கை முன்வைத்த கொத்தணிப் பாடசாலைத் திட்டம் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. அவ்வறிக்கை கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. இலவசக் கல்வியைத் தளர்த்தும் போக்கு அதனுட் பொதிந்துள்ளது என்ற ஐயம் வலுவாக இருந்தது. அவ்வெதிர்ப்பு நியாயமானதே. எனினும், அயற்பாடசாலைகள் ஆசிரியரையும் ஆய்வுகூடத்தையும் பகிர்ந்து ஒரே அலகாகத் திட்டமிடல் என்னும் எண்ணத்தையும் முற்போக்காளர் அதனோடு சேர்த்தே தூக்கியெறிந்தனர் என்றே நாம் கருதுகின்றோம். பின்வந்த தனித்தனிப் பாடசாலைத் திட்டமிடல் அவ்வெண்ணத்தை மேலும் பின்தள்ளிற்று.

பலவீனம் என்னுங் கட்டத்துட் செல்லாத வரலாறு ஒன்றுண்டு. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்ட மக்களுள் அரைவாசிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். தோட்டப் பிள்ளைகளின் கல்வி பற்றிய சட்டக் கடப்பாடு 1907 இன் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டத்தோடு தொடங்குகின்றது. 1920 இன் கல்விக் கட்டளைச் சட்டம் அதனைத் தொடர்ந்தது. பொறுப்பு, தோட்ட முகாமையிடம் விடப்பட்டது. பிள்ளையின் உழைப்பால் இலாபமடைபவனே அப்பிள்ளையின் கல்விக்கும் காவலனாக்கப்பட்டான் என்றால், விளைவு எதிர்பாராததன்று. ஓராசிரியர், ஒரு மண்டபம், ஒருசில வகுப்புகள் என்பதே தோட்டப் பள்ளியின் வடிவமாயிற்று. 1943 இல் கன்னங்கராவின் தலைமையிலான விசேட குழு தன் அறிக்கையை வெளியிட்டது. 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமத்துப் பிள்ளைக்கு மத்திய மகா வித்தியாலயம் திறந்த அக்காலத்திலே தோட்டப் பள்ளிகள் பெரும்பாலும் அவ்வமைப்புக்கு வெளியிலேயே நின்றன. 1948 இன் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. வாக்கில்லாத பெற்றோரின் பிள்ளைக்குப் பாடசாலை கட்டித்தர எந்த அரசியல்வாதிக்கும் அவசரமிருக்கவில்லை. 1960–61 இல் உதவிபெறும் பாடசாலைகள் அரசமயமாக்கப்பட்டபோதும் தோட்டப் பள்ளிகள் பழைய நிலையிலேயே விடப்பட்டன. 1975 இற் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமான பின்னரே, எழுபதுகளின் பிற்பகுதி தொடக்கம் அவை படிப்படியாக அரச பாடசாலைகளாயின. எண்பதுகளிலிருந்து சுவீடிய உதவியும், பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைவதற்குத் துணைநின்ற ஜேர்மனிய உதவியும் கட்டடம், ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றிற் புலப்படும் மாற்றங்களைச் செய்தன. இன்று மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்து சேரும் மாணவர், பெரும்பாலும், இவ்விரண்டு தலைமுறைப் போராட்டத்தின் பயன். ஆயினும் கிராமத்துப் பாடசாலையோடு ஒப்பிடும்போது முப்பதாண்டுக்கு மேற்பட்ட பிந்திய தொடக்கம் அது. ஒரேவகைப் படிவத்தில், ஒரேவகைச் சுட்டிகளால், இவ்விரண்டையும் அளப்பதில் ஒரு சமத்துவம் தோற்றமளிக்கின்றது. அத்தோற்றத்தினூடே வரலாறு அழிந்துபோகின்றது.

ஆசிரியர் பிரச்சினைக்கு மீள்வோம். திட்டத்தின் உயிர்நாடி அதுவே. 2014 இல், தோட்டப் பாடசாலைகளின் வெற்றிடங்களை நிரப்ப ஏறத்தாழ 3,000 ஆசிரிய உதவியாளரைச் சேர்த்துக்கொள்ளும் நடவடிக்கை ஆரம்பமாயிற்று. உயர்தரஞ் சித்தியடைந்த இளைஞரும் யுவதியரும் மாதம் 6,000 ரூபா கொடுப்பனவுடன் வகுப்பறைக்கு அனுப்பப்பட்டனர். பின்னர் அது 10,000 ரூபாவாக உயர்ந்தது. பயிற்சி முடித்து ஆசிரிய சேவையில் உள்வாங்கப்படுதற்கு அவர்கள் ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க நேர்ந்தது, போராடவும் நேர்ந்தது. இவ்வேற்பாடு எந்தவொரு பாடசாலையின் ஆண்டுத் திட்டத்திலிருந்தும் எழவில்லை. பல ஆண்டுகளாகப் பாடசாலைகள் தம் ‘பலவீனம்’ என எழுதிவந்த வெற்றிடங்கள் கூட்டப்பட்டு, ஒரு கோரிக்கையாக மேற்சென்று, அதற்கு விடையாக வந்ததுமன்று. அரசியற் பேரத்தின் வழியே, மலிவான உழைப்பாக வந்தது. கீழிருந்து மேலாகத் திட்டமிடல் எனப்படுவது, முக்கியமான பொருளில் மேலிருந்து கீழாகவே நிகழ்ந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பணம் பற்றிச் சுருக்கமாகக் கூறின் போதும். மாணவர் தொகை முதலியவற்றை அடிப்படையாகக் கொண்ட நியமங்களின்படி தரஉள்ளீட்டு நிதி பாடசாலைகளுக்குப் பகிரப்படுகின்றது. கோட்பாட்டளவில் இது நீதியானது, தொகை சிறியது, காலந்தாழ்த்தி வருவது என்பதும் நெடுநாளைய முறைப்பாடு. எஞ்சியதைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவரும் திரட்டுதல் வேண்டும். பெருநகரப் பாடசாலையின் பழைய மாணவர் லண்டனிலும் மெல்போர்னிலும் சங்கம் வைத்துள்ளனர். தோட்டப் பாடசாலையின் பழைய மாணவர் கொழும்பிற் கடைச்சிப்பந்திகளாகவும் ஆடைத்தொழிற்சாலை ஊழியராகவும் உள்ளனர். திட்டத்தில் இருசாராருக்கும் ‘சமூகப் பங்களிப்பு’ என்ற ஒரே தலைப்புத்தான். அரசு கல்விக்குச் செலவிடுவதை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 6 வீதமாக்குமாறு 2012 இற் பல்கலைக்கழக ஆசிரியர் நடாத்திய நீண்ட வேலைநிறுத்தத்தை இவ்விடத்தில் இணைத்து நோக்கல் தகும். ஆறுவீதக் கோரிக்கை வீதியில் ஒலித்தபோது, அப்பணத்தின் இன்மை எவ்வெவ் வகுப்பறையில் எவ்வாறு உணரப்படுகின்றது என்னும் விவரம் வலயப் பணிமனைகளின் அலுமாரிகளில், பாடசாலைத் திட்டங்களாக, அடுக்கப்பட்டிருந்தது. இரண்டும் சந்திக்கவில்லை.

காலக்கணிப்பிலும் ஒரு முரண் தோன்றியது. நிதியாண்டும் பாடசாலை ஆண்டும் ஜனவரியில் தொடங்கும் என்பதே திட்டத்தின் எடுகோள். 2020 மார்ச்சிற் கொள்ளைநோயாற் பாடசாலைகள் மூடப்பட்டதிலிருந்து சில ஆண்டுகளுக்குப் பாடசாலை ஆண்டு மாதக்கணக்கில் நழுவிற்று. 2022 ஆம் ஆண்டுக்குரிய சாதாரணதரப் பரீட்சை 2023 மே மாதத்திலேயே நடைபெற்றது. நிதியாண்டு மாத்திரம் இம்மியும் நகரவில்லை. முன்னைய வகுப்பு முடியாத வேளையில் அடுத்த ஆண்டின் திட்டம் எழுதப்பட்டது. இதே காலத்திலேதான் இணையவழிக் கற்பித்தல் என்பதும் திட்டங்களிற் செயற்பாடாகப் புகுந்தது. மலைச்சரிவில் அலைவரிசை தேடி ஏறிய பிள்ளைகள் எந்தச் சுட்டியிலும் புகவில்லை.

இவ்வளவுங் கூறிய பின், செய்யத்தக்கது யாது என்பதையும் கூறக் கடப்பாடுடையோம். திட்டமிடலைக் கைவிடக் கோருவது முதலாளித்துவச் சந்தையிடம் பாடசாலையை ஒப்படைப்பதற்கே உதவும். எமது முன்மொழிவு எளியது. பலவீனம் என்னுங் கட்டம் இரண்டாகப் பிரிக்கப்படல் வேண்டும். பாடசாலை தானே திருத்தக்கூடியவை ஒன்றில். பாடசாலைக்குத் தரப்பட வேண்டியிருந்தும் தரப்படாதவை மற்றொன்றில். இரண்டாவதில், தரக் கடமைப்பட்ட அதிகாரியின் பதவிப்பெயர் எழுவாயாக நிற்றல் வேண்டும். எத்தனை மாதமாக நிறைவேறவில்லை என்பது எண்ணாலே குறிக்கப்படல் வேண்டும். வலயம் அதற்கு எழுத்தில் விடை தரல் வேண்டும். விடை பாடசாலைக் குழுவில் வாசிக்கப்படல் வேண்டும். ஐந்து வலயங்களினதும் இரண்டாம் பட்டியல்கள் ஆண்டுக்கொரு முறை மாவட்ட அடிப்படையில் ஒன்றுசேர்க்கப்பட்டு வெளியிடப்படுமாயின், ஆசிரியர் சங்கங்களுக்கும் தோட்டத் தொழிற்சங்கங்களுக்கும் கையிற் பிடித்துப் பேசத்தக்க ஆவணமொன்று கிடைக்கும். தொழிற்சங்கங்கள் நாட்கூலியைப் பற்றிப் பேசியளவுக்குப் பாடசாலையைப் பற்றிப் பேசியதில்லை என்பதையும் இவ்விடத்தே குறிப்பிடாதிருத்தல் இயலாது.

இப்பட்டியலை எழுதும் குழுவில் யார் அமர்வர் என்பது அடுத்த வினா. தோட்டப் பாடசாலைகளின் குழுக்களிற் பெற்றோர் பிரதிநிதிகளாக அமர்வோர் பலவிடத்தும் தோட்டத்து உத்தியோகத்தர், கடைக்காரர், தொழிற்சங்கத் தலைவர் ஆகியோரே. கொழுந்து பறிப்போர் வருவது அரிது. கூட்டம் வேலைநாளின் பகற்பொழுதிலே கூட்டப்படுகின்றது. மலைக்குப் போகாத தாய்க்கு அன்றையப் பேர் இல்லை. பாதியில் திரும்பினால் அரைப்பேர். அக்கறையின்மை எனத் திட்டத்திற் பதியப்படுவது இந்த அரைப்பேர்க் கணக்குத்தான். கூட்டத்தை மாலையிலோ ஞாயிறன்றோ, லயத்துக்கு அண்மித்த ஓரிடத்தில் நடாத்துவதற்குச் சுற்றுநிருபம் எதுவும் தேவையில்லை. அதிபரும் ஆசிரியரும் ஒரு மாலையை விட்டுக்கொடுத்தாற் போதும். இரண்டாம் பட்டியலின் முதல் வரியை அக்கூட்டத்திலேயே எழுதத் தொடங்கலாம்.